நல்ல இதயத்தை நோயாளி ஆக்குவது எப்படி?

வயது இருபத்திரண்டு. வேலையில் சேரும் முன் மெடிக்கல் செக்கப். இதயத்தில் குறையே இல்லை. இப்படிப்பட்டவர்களின் ஈசிஜி தாள் பார்க்கவே சப்பென்று இருக்கும். அதில் கொஞ்சம் விறுவிறுப்பு சேர்க்க மருந்து மாத்திரை வேண்டாம். உடம்பை வைக்கும் விதம் போதும்.

முதல் காரியம், மல்லாந்து படுக்க மறுத்துவிடுங்கள். நார்மல் என்று மருத்துவர்கள் சொல்லும் அளவுகள் அப்படிப் படுத்தவர்களிடம் எடுத்தவை. யாராவது ஆட்சேபித்தால் வில்லெம் ஐன்தோவனைச் சாட்சிக்கு இழுங்கள். ஈசிஜிக்காக 1924இல் நோபல் பரிசு வாங்கியவர், ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் விடச் சொல்லித்தான் பதிவு செய்தார். அதற்காக டெக்னீஷியனிடம் பக்கெட் கேட்காதீர்கள்.

சோம்பேறிகள் இடப்பக்கம் ஒருக்களித்தாலே போதும். இதயம் நகரும், நெஞ்சில் ஒட்டிய ஆறு எலெக்ட்ரோடுகள் நகராது. கேமரா அப்படியே நிற்க, மாப்பிள்ளை மட்டும் தள்ளி உட்கார்ந்த கல்யாண போட்டோ மாதிரி அலைகளின் உயரம் மாறிப்போகும்.

உச்சகட்டம், படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்பது. அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளையிடம் புகார் சொல்லும். துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடியை மூளை தளர்த்தும். துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, இருபது கூடும். உதரவிதானம் தாழ, இதயம் செங்குத்தாகி, மின் அச்சு வலப்பக்கம் திரும்பும். இதயத்தைக் கீழிருந்து பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப் ஆகியவற்றில், துடித்த இதயத்தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலை தட்டையாகலாம். சிலருக்குக் கவிழ்ந்தே போகும். கவிழ்ந்த டி அலைக்கு இருக்கும் மரியாதையே தனி! 'இஸ்கீமியாவாக இருக்கலாம்', அதாவது இதயத்தசைக்கு ரத்தம் போதாமல் இருக்கலாம் என்று இயந்திரம் தானாக அச்சடித்துவிட்டால், அன்று உங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

இன்னொரு போனஸும் உண்டு. க்யூ அலையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவுவரை உள்ள க்யூடி இடைவெளி, துடிப்பு கூடிய வேகத்துக்கு உடனே குறுகாது. துடிப்புக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டால் நீண்டதாகக் காட்டும். நீள் க்யூடி நோய் இருக்குமோ என்று சந்தேகித்தால், இதயநோய் மருத்துவர்களே ஆளை எழுப்பி நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்கள் தெரிந்து செய்கிறார்கள், நீங்கள் வேடிக்கைக்குச் செய்கிறீர்கள். நெஞ்சுவலியோடு போனவருக்கு இந்த விளையாட்டு கூடாது. அங்கே கவிழ்ந்த டி அலைக்கு நின்ற கோலத்தைக் காரணம் சொல்லித் தப்பவும் கூடாது.

உங்கள் திட்டத்தைக் கெடுக்க டெக்னீஷியனுக்கு ஒரு பேனா போதும். தாளின் மூலையில் 'உட்கார்ந்து எடுத்தது' என்று எழுதிவிட்டால் மருத்துவர் பதற மாட்டார். மூச்சுத்திணறலாலோ நிறைமாதத்தாலோ மல்லாந்து படுக்க முடியாதவர்கள் அதைக் கேட்டு எழுத வையுங்கள். அடுத்த முறையும் அதே நிலையில் எடுத்தால்தான் இரண்டு தாள்களையும் ஒப்பிட முடியும்.