சிமெண்ட் எங்க நைனா?

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துப் பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்றில் என்னைக் கல் அடுக்கிக் காட்டச் சொன்னார்கள். சாந்து கிடையாது, கல்லைக் கல் கவ்வி நிற்க வேண்டும். கடலோரக் கல்கட்டு வேலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவன் என்பதால் இந்த மரியாதை. அந்தச் சூட்சுமத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

முதல் கல்லை உட்கார வைக்கக் குனிந்ததுமே பின்னாலிருந்து குரல்: "சிமெண்ட் எங்க நைனா?"

"இதுக்கு வேணாம்பா."

"வேணாமா? நிக்காதே!"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. பைக்கை விட்டு இறங்காமலே ஒருவர், "லெஃப்ட்ல சாயுது" என்றார். சாய்த்துத்தான் வைக்க வேண்டும், அதுதான் வேலையே. இன்னொருவர் போனை என் கல்மேல் வைத்து மட்டம் பார்த்தார். மூன்றாமவரின் மச்சான் சிவில் இன்ஜினியராம். அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் அவரும் சிமெண்ட் போடச் சொன்னார். டெல்லி அப்பளத்தை நொறுக்கியபடி ஓர் அம்மா, "எம்-சாண்டாவது போடுங்கண்ணே, பாவமா இருக்கு" என்றார். கல்லுக்குப் பாவமா, எனக்கா, தெரியவில்லை. இடுக்கில் செருகச் சக்கைக்கல் தேடினால், அதை எடுத்து ஒரு பொடியன் ஏழாங்கல் ஆடிக்கொண்டிருந்தான். அவன் ஒருவன்தான் யோசனை சொல்லவில்லை.

தெருவில் ஜேசிபி பள்ளம் தோண்டினால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன்தான். ஆனால் நான் சொல்லும் யோசனை சரியாக இருக்கும்.

சிமெண்ட் பக்தர்களுக்கு ஒரு சேதி. 1881 நவம்பர் புயலில் நம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் நொறுங்கியது. கிட்டத்தட்ட கட்டி முடித்திருந்தார்கள். கருங்கல் மேட்டின்மேல் அடுக்கியிருந்ததெல்லாம் கான்கிரீட் பாளம். பிறகு சரிசெய்தார்கள், அது வேறு கதை. துறைமுகம் வந்ததும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதன் தோளில் முட்டி நின்றுவிட்டது. மெரினா அகன்று சுண்டல் விற்கிறது. மணல் வராத ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடல் தின்றது. வீடு போனது எங்களுக்கு, காற்று வாங்கியது அவர்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

அதனால்தான் எண்ணூர் வரை இந்தக் கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும். அது நிற்பதே இடுக்குகளால்தான். உள்ளே சின்னக் கல், மேலே யானைக்கல். அலை இடுக்கில் புகுந்து, சுற்றி, வேகம் செத்துத் திரும்பும். பூசி மெழுகிவிட்டால் வந்த வேகத்திலேயே திரும்பி, சுவரின் காலடி மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். இதை அந்த மச்சானுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் கட்.

சரி, சூட்சுமத்துக்கு வருவோம். கல்லுக்கு முகம் உண்டு. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால்... அந்த நேரம் பார்த்துத்தான் சிறப்பு விருந்தினர் வந்தார். சுவர் அப்போது முழங்கால் உயரம். அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். சுவர் அசையவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மேடையில் எனக்குச் சால்வையும் சான்றிதழும் கொடுத்தார்கள். 'சிறந்த களிமண் வேலைப்பாடு' என்று அச்சடித்திருக்கிறது. லேமினேட் வேறு செய்துவிட்டார்கள், கிழிக்கவும் முடியவில்லை.