சிறையில் பிறந்த பாட்டு

கேள்வி: சிறையில் போட்டால் புலம்பல் வரும். பாட்டு வருமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: வந்திருக்கிறதே! ஜெர்மனியில் பாஸாவ் கோட்டையின் நிலவறையில், 1535 முதல் சில வருடங்கள் அடைபட்டுக் கிடந்த அனபாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கட்டினார்கள். 1564-ல் அவை புத்தகமாகவும் வந்துவிட்டன. செய்த குற்றம்? குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த பிறகுதான் பெற வேண்டும் என்றது. ‘தண்ணீர்தானே வேண்டும்?’ என்பதுபோல, 1527 ஜனவரியில் இதே கொள்கைக்காரரான ஃபீலிக்ஸ் மான்ஸைக் கைகாலைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தது சூரிச் நகரசபை. (அவர் பெயரிலும் ஒரு பாட்டு உண்டு.) சூரிச் புராட்டஸ்டண்ட் ஊர். கத்தோலிக்க ஊர்களில் பெரும்பாலும் நெருப்பு. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இதில் மட்டும் கைகோத்துக்கொண்டன!

கொலைக்களத்துக்குப் போகும்போதும் அனபாப்டிஸ்டுகளின் வாய் ஓயாது, பாட்டுதான். வேடிக்கை பார்க்கிற கூட்டம் மனம் மாறிவிடும். அதனால் சிலருக்கு நாக்கிலேயே திருகாணி பூட்டினார்கள். பாட்டுக்கு அவ்வளவு பயம்!

அவர்கள் வழிவந்த அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் இன்றும் அந்தப் பாட்டுப் புத்தகத்திலிருந்துதான் பாடுகிறார்கள். அதில் ஸ்வரக் குறிப்பே கிடையாது, எல்லாம் கேள்வி ஞானம். ஒரே பாட்டு இருபது நிமிஷம்கூட இழுக்கும். ஆராதனைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.