வெண்டைக்காயின் ஒன்றுவிட்ட உறவு

கேள்வி: பிஸ்கட்டுக்கு நடுவே மார்ஷ்மெல்லோவும் சாக்லேட்டும் வைத்துக் கேட்கிறாள் பேத்தி. நாங்கள் சுத்த சைவம். வீட்டிலேயே செய்ய முடியுமா?
– ஒரு பாட்டி, நாகப்பட்டினம்

பதில்: முடியும் பாட்டி, கை வலிக்கும்! மார்ஷ்மெல்லோ என்பது சதுப்பு நிலத்துச் செடி ஒன்றின் பெயர். நம் வெண்டைக்காயின் குடும்பம்தான். அந்தக் காலத்தில் அதன் வேரின் கொழகொழப்பில்தான் இந்த மிட்டாயைச் செய்தார்கள். இப்போது கடையில் விற்பதில் பெரும்பாலும் ஜெலட்டின். மாடு, பன்றியின் தோலும் எலும்பும் வெந்த சமாசாரம். உங்கள் வீட்டு வாசலோடு அது திரும்பிவிடும்.

பதிலுக்கு, நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசி இருக்கிறதே! சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் (உப்பு மட்டும் அதில் வேண்டாம்). வற்றவைத்து, ஆறவிட்டு, வெள்ளை நுரையாகும்வரை அடியுங்கள். கடல்பாசியைக் கொதிக்கவிட்டுக் கரைத்த சர்க்கரைப் பாகைச் சூட்டோடு அதில் ஊற்றி, மறுபடி அடியுங்கள். கடைச்சரக்கு மாதிரி ஜவ்வாக இழுபடாது. பேத்தி உதட்டைப் பிதுக்கினால் சாக்லேட்டைக் கூட்டிவிடுங்கள். கடற்காற்றில் பிசுபிசுக்கும், சோளமாவில் புரட்டி டப்பாவில் மூடுங்கள்.

சாக்லேட்டை உருக்க அடுப்பு எதற்கு? அது உருகுவதே சுமார் 34 டிகிரியில். சித்திரையில் நாகை மொட்டை மாடி போதாதா? காக்காவுக்கு மட்டும் காவல் இருங்கள்.