ஆட்டுக்குத் தெரிந்த குழி

1974-ல் அமெரிக்காவில் வந்த ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தில் பத்தடிக் கம்பு ஒன்றுக்கு ஒரு பொற்காசு விலை போட்டிருக்கிறது. அதே வருஷம் எங்கள் பரளச்சிப் பக்கம் அதைவிட நீளமான கம்பு, நுனியில் அரிவாளும் கட்டி, ஆடு மேய்க்கிறவர்கள் தோளிலெல்லாம் கிடந்தது. தொரட்டி என்போம். வேல நெற்று உலுப்ப, முள்ளை இழுத்துப் போட, ராத்திரி நடக்கையில் முன்னால் தட்டிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் போட்ட ஆட்டம். ஒருவர் நடத்துவார், பாதாள அறைகளின் வரைபடம் அவர் கையில் இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, வாள்வீரனாகவோ மந்திரவாதியாகவோ, “நான் இன்னது செய்கிறேன்” என்று வாயால் சொல்லிச் சொல்லியே உள்ளே போவார்கள். மூடு குழி மேல் கால் வைத்தால் ஆறு பக்கப் பகடையை உருட்டுவார்கள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் குழி திறக்கும். ஆகவேதான் கம்பு.

இதையெல்லாம் எனக்கு விளக்கியது என் அக்கா மகன். சென்னையில் ஐ.டி. வேலை, ஏசி ஹால், சனிக்கிழமை ராத்திரி, கூட நாலைந்து சேக்காளிகள். “மாமா, ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தட்டிக்கிட்டே போகணும். அதுதான் ஓல்ட் ஸ்கூல்” என்றான். அவனுடைய அம்மாச்சி இருட்டில் கம்பால் தட்டாமல் ஓர் எட்டு வைத்ததில்லை. அவள் எந்த ஸ்கூல் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கரிசல் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வெடிப்புக்குள் என்ன படுத்திருக்கிறது என்பதைப் பகடை உருட்டியா பார்ப்பார்கள்? சுற்றுச்சுவர் இல்லாத கமலைக் கிணறுகள் புல் மூடிக் கிடக்கும். கவுதாரி பிடிக்கிறவர்கள் கூண்டில் ஒரு வளர்ப்புக் கவுதாரியைக் கத்தவிட்டு, சுற்றிலும் கண்ணி வைத்திருப்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. திருச்சுழி தாண்டி எங்கள் ஊர் வந்து சேர அதற்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

பையன்கள் பங்குக்கு நாங்கள் வண்டிப்பாதையில் குழி வெட்டுவோம். முழங்கால் ஆழம், உள்ளே சாணிக்கரைசல். மேலே சோளத்தட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதன் மேல் எருக்கிலை, அதன் மேல் மண். வித்தையெல்லாம் இந்தக் கடைசி மண்ணில்தான். தோண்டிய கரிசல் ஈரத்தோடு கன்னங்கரேலென்று வரும். பாதையில் கிடப்பதோ வெயிலில் வெளுத்த புழுதி. தோண்டியதையே அள்ளிப் போட்டால் தூரத்திலேயே திட்டாகத் தெரிந்துவிடும். அதனால் நாலு எட்டு தள்ளிப் போய்ப் புழுதியை உள்ளங்கையால் வழித்து வந்து தூவ வேண்டும். வழித்த இடத்தில் கைத்தடம் தெரியாமல் வேப்பங்கொத்தால் கூட்டிவிடவும் வேண்டும். இத்தனை செய்தும் ஆடு ஏமாறாது. ஒரு முழம் முன்னாலேயே நின்று, மோந்து பார்த்து, பக்கவாட்டில் இறங்கிப் போய்விடும். பின்னால் வருகிற மனுஷர்தான் விழுவார்.

மத்தியானங்களில் சாவடிக் கல்லில் ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, சூழ்ந்து நின்று புலியை அசையவிடாமல் அடைக்கத்தான் தெரியும். புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் புலியைக் கட்டிப் போட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்தான் ஓயாது: “எங்க போவ, எங்க போவ?”

அமெரிக்க ஆட்டத்திலும் ஆரம்ப காலத்து நியாயம் எங்கள் வண்டிப்பாதைக் குழியின் நியாயம்தான். பொறி எங்காவது தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுள்ளவன் பார்த்து, வாயுள்ளவன் கேட்டுப் பிழைத்துக்கொள்ள வேண்டும். “தரையில் தண்ணீர் ஊற்றுகிறேன். எந்த இடுக்கில் வடிகிறது?” என்று கேட்பானாம் கெட்டிக்காரன். தன் ஆளை யாராலும் சாய்க்க முடியாது என்று மார்தட்டியவர்களுக்காகவே கைகாக்ஸ் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்று ஒரு சமாதியை எழுதினார். 1975-ல் ஒரு போட்டியில் ஆடவிட்டு, 1978-ல் புத்தகமாகப் போட்டார். அதில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாயை ஆவென்று திறந்துகொண்டு, உள்ளே கும்மிருட்டு. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஏறியவர் ஏறியவர்தான். பொறுக்க எலும்புகூட மிஞ்சாது. 1981-ல் பொறிகளை மட்டுமே தொகுத்து ‘கிரிம்டூத்ஸ் டிராப்ஸ்’ என்று ஒரு புத்தகம் வேறு வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் கையில் அது சிக்காமல் போனது பலரது முழங்கால் செய்த புண்ணியம்.

அதே 1981-ல் வந்த அடிப்படை விதிகளில் ஒரு வேடிக்கை. பொறி கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட திருடனுக்குத் தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துதான் வாய்ப்பு. தொழில் தெரியாத மற்றவன் அறையைத் துழாவினால் ஆறில் ஒரு வாய்ப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், திருடனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

பிறகு கேள்வி குறைந்தது, எண் கூடியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் தேடுவதற்கென்றே ஒரு திறன், அதற்கு ஒரு மதிப்பெண். 2014 பதிப்பில் தேடவே வேண்டாம்: ‘பாஸிவ் பெர்செப்ஷன்’ என்று ஓர் எண் உங்கள் சார்பில் சும்மாவே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் போன் பார்க்கலாம். இது பிடிக்காதவர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். மாட் ஃபின்ச் என்பவர் 2008-ல் அதற்காகவே ஒரு சிறு கையேடு எழுதினார். கம்பும் குழியும் அதில் உதாரணம். என் மருமகனுக்கு அதுதான் வேதம். அவன் சேக்காளிகளுக்கு 2014-தான் வசதி.

போன முறை நடத்துகிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பாதாளம் எனக்குத் தெரியாது. தெரிந்த கண்மாயைப் போட்டேன். வற்றிய உள்வாய், தூரத்தில் மடை, நடுவே ஒற்றையடிப்பாதை. பாதையில் ஓர் ஆடு நிற்கிறது என்றேன்.

“பெர்செப்ஷன் பதினேழு, அங்கிள்!”

“நல்லது. ஆட்டுக்கு முன்னால மண்ணு மட்டும் கொஞ்சம் கறுப்பா இருக்கு.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“கறுப்பா இருக்குன்னு அர்த்தம்.”

“பதினேழு போட்டேனே, சொல்ல மாட்டீங்களா?” இது அநியாயம் என்று ஒரு வழக்கே நடந்தது. மருமகனுக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது. தலையைச் சொறிந்தான். “மாமா, அந்த ஆட்டை முன்னால விரட்டுறேன்.”

“அது போகாது, மாப்ளே. பக்கவாட்டுல இறங்கிருச்சு.”

திருடன் வேஷம் போட்டவன் பொறுமையிழந்து நேரே நடந்தான். விழுந்தான். எழுந்ததும் முதல் வேலையாக ஆட்டின் மேல் சந்தேகப்பட்டு, அது சாதாரண ஆடுதானா என்று 2014 புத்தகத்தைப் புரட்டினான். ஆடு இருந்தது, கணக்கோடு. அதன் பாஸிவ் பெர்செப்ஷன் பத்து. தன் தாளை எடுத்துப் பார்த்தான். ஒன்பது.