இரண்டடி எட்டங்குலத் திண்ணை

அனுப்புநர்: வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன், இரண்டாவது வார்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்: உயர்திரு செயல் அலுவலர் அவர்களும் மன்றத் தலைவர் அவர்களும், எங்கள் ஊர்ப் பேரூராட்சி.

பொருள்: சொத்து வரி – வீட்டுத் திண்ணை – வாடகை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பில் கலெக்டர் டேப்போடு வந்த நாள்.

ஐயா,

என் தாத்தா கட்டிய வீட்டின் அளவு 592 சதுர அடி. வாசலில் எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணை. ஆத்தங்குடிக் கல்லெல்லாம் பதித்ததல்ல, வெறும் சிமெண்டுப் பூச்சு. 2022இல் தங்கள் பணியாளர் வந்து அளந்தபோது திண்ணையையும் சேர்த்து 604 என்று எழுதிக்கொண்டார். எங்கள் அப்பத்தா அவருக்கு மோர் கொடுத்தார். அவர் அதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் குடித்தார்.

அந்த வருஷத்து ஏற்றம் தங்களுக்குத் தெரியாததல்ல. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கும் மேலே 100. நான் நாலு சதுர அடியில் கோட்டைத் தாண்டிவிட்டேன். அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவன் 500 கட்டியிருக்க வேண்டும், 600 கட்டினேன். மீதி 600 சதுர அடிக்கு அடி ஒரு ரூபாய்கூட விழவில்லை. இந்த நாலு அடிக்கு மட்டும் அடி 25 ரூபாய். ஒன்றரை அடி அகலத் திண்ணையில் நாலு சதுர அடி என்பது இரண்டடி எட்டங்குல நீளம். ஒரு ஆளும் ஒரு கூடையும் உட்காரும் இடம். சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், தாங்கள் வந்து பார்க்கலாம்.

வரி ஏற்றியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சென்னைக்கு வெளியே 2008க்குப் பிறகு 14 வருஷம் பொதுச் சீராய்வு நடக்கவில்லை; அதற்குள் டீ விலை எத்தனை தடவை ஏறியது என்று கடைக்காரருக்கே நினைவிருக்காது. நடுவில் 2018இல் ஒரு தடவை ஏற்றினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடு பிடித்ததும், நிறுத்திவைத்தோம், கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2022 பிப்ரவரி 19இல் வாக்களித்தோம். ஏப்ரல் 1இல் அறிவிப்பு வந்தபோது என் நகத்திலிருந்த மை பாதிதான் வளர்ந்திருந்தது. தேர்தல் வருகிறதென்றால் வரி திண்ணையில் படுத்துக்கொள்கிறது. முடிந்ததும் எழுந்து வீட்டுக்குள் வருகிறது. கட்சி மாறினாலும் அதன் தூக்க நேரம் மாறவில்லை.

கவுன்சிலரிடம் கேட்டேன். "நாங்க என்னண்ணே பண்றது, ஆபீஸ்ல வச்சாங்க, கைதூக்கினோம்" என்றார். அலுவலகத்தில் கேட்டால் அரசாணை என்றார்கள். அரசைக் கேட்டால் பதினைந்தாவது நிதிக்குழு என்றது: குறைந்தபட்ச வரி வீதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளரும் வேகத்துக்கு ஈடாகச் சொத்து வரி வசூலும் வளர வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. அடுத்து 6 சதவீத ஏற்றம் ஒன்றும் அதே வழியில் வந்து சேர்ந்தது. மாநிலம் வளர்ந்தால் வரியும் வளரட்டும், நியாயம்தான். அந்த வளர்ச்சி எங்கள் தெருவரை வந்திருக்கிறதா என்று ராத்திரியில் எட்டிப் பார்த்தேன். தெருவிளக்கு எரியவில்லை, வந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சரி, வரி மேலிருந்து வந்தது. வரவு செலவுத் திட்டமும் மேலிருந்தா வருகிறது? மார்ச் மாதக் கூட்டத்தில் மிக்சரும் டீயும் சுற்றில் இருக்கும்போது, "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது" என்று வாசிக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். என் வீட்டில் நாலு சதுர அடி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் டேப் அங்கே போனதும் சுருண்டுகொள்கிறது. பழைய பேருந்து நிறுத்தத்துக்குப் பயணியர் நிழற்குடை என்று ஒரு வரி வருஷா வருஷம் அதில் இருக்கிறது. முதலில் 'புதிய பணி' என்றிருந்தது, பிறகு 'தொடரும் பணி' ஆயிற்று. தொடங்காத பணி எப்படித் தொடரும் என்று கேட்கக்கூடாதுதான். நானும் கேட்கவில்லை, வாசித்து ரசிக்கிறேன்.

புறநானூற்றில் பிசிராந்தையார் சொன்ன, வயலில் புகுந்து தின்பதைவிட அதிகம் மிதிக்கும் யானையை இங்கே கொண்டுவர மாட்டேன். வரி வாங்குகிற அரசனுக்குச் சொன்ன அறிவுரையை 2019இல் ஒன்றிய நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டோடு வாசித்துவிட்டார். இனி அது வரி கட்டுகிறவன் பக்கத்துக் கதை இல்லை. எங்கள் ஊருக்கு வருவதும் யானை இல்லை, ஜேசிபி. போன தை மாதம் பேவர் பிளாக் பதித்த தெருவை மாசியில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியது. தோண்டிய கல் இன்னமும் ஓரமாக அடுக்கிக் கிடக்கிறது, அதில் ஒரு ஆடு குட்டி போட்டிருக்கிறது.

இன்னொன்று. ஒவ்வொரு ரசீதிலும் நூலக வரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரூபாய்க்குப் பத்து பைசா. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டு 1948இல் வந்த சட்டத்தின்படி வசூலாகும் காசு. தாங்கள் அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். எங்கள் நூலகத்தில் ஐப்பசி மழைக்கு அகராதியை மேஜைக்கு அடியில் வைப்பார்கள், மேஜைமேல் வாளி வைக்க வேண்டியிருப்பதால். செலுத்தினீர்களா என்று கேட்டால் 'நிலுவை' என்றார்கள். வீட்டுக்காரன் நிலுவை வைத்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. பேரூராட்சி வைக்கும் நிலுவைக்கு என்ன வட்டி என்று எந்தக் கட்டத்திலும் அச்சாகவில்லை.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

சொத்து வரி என்பது ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போடுவது. ஆக, இந்தத் திண்ணை வாடகை ஈட்டக்கூடியது என்பது தங்கள் அலுவலகமே எடுத்த முடிவு. அப்படியானால் குடியிருப்பவர் யார்? காலை ஆறரை முதல் கட்டணமில்லா டவுன் பஸ்ஸுக்காகப் பூக்கூடையோடு நாலைந்து பெண்கள். பத்து மணிக்குப் பென்ஷன்காரர்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள். மழை பெய்தால் மேற்படி ஆடும் குட்டியும். நிழற்குடை கட்டியிருந்தால் இவர்கள் இங்கே வரப்போவதில்லை. ஆகவே குத்தகைதாரர் பேரூராட்சிதான். இவர்களிடம் நான் காசு கேட்க மாட்டேன். கேட்டால் அப்பத்தா எனக்குச் சோறு போட மாட்டார்.

பஸ் நிறுத்தமாகப் பயன்படுவதால் இதை வணிகப் பயன்பாடாகக் கொள்கிறேன். வணிகக் கட்டடத்துக்கு 2022இல் தாங்கள் போட்ட 100 சதவீத ஏற்றமே எனக்கும் போதும். இரண்டடி எட்டங்குலத்துக்கு மட்டும், அதற்காக நான் கூடுதலாகக் கட்டிய 100 ரூபாயை இரட்டித்து, அரையாண்டு வாடகை 200 ரூபாய். மீதி ஐந்தடி நாலங்குலம் என் தாத்தாவின் தர்மம், அதற்குக் கணக்கில்லை. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, பத்து ரூபாய் தள்ளிக்கொள்ளலாம். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம். வரி கட்டாதவர் வீட்டு வாசலில் சில ஊர்களில் குப்பைத்தொட்டி கொண்டுபோய் வைத்ததாகச் செய்தி வந்தது. தங்கள் அலுவலக வாசலில் நானும் வைக்கலாம் என்று நினைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அரையாண்டு நோட்டீஸோடு பில் கலெக்டர் வந்துவிட்டார். சாக்பீஸ் கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்தார். அப்பத்தா மோர் கொண்டுவந்தார். கடிதத்தைப் பில் கலெக்டர் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டேன். "சர்வர் வேலை செய்யலை சார், நாளைக்கு வாங்க" என்றார்.