கழுத்து மணியும் கழுத்துப் பட்டையும்

என் சிறுவயதில் கண்டியில் யானையின் கழுத்தில் தொங்கியது மணி. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றுக்குள் யானைகளை இறக்கிக் குளிப்பாட்டுவார்கள், வெளிநாட்டுக்காரர் படம் பிடிக்கக் கூடுவார்கள். மணிச் சத்தம் கேட்டதும் தெருவில் ஒதுங்கி நிற்போம். யானை எங்கே வருகிறது என்று அறிய அன்று எங்களுக்கு அது போதும்.

ஒருநாள் அப்பா பாகனிடம், "இது படுத்துத் தூங்குமா, நின்றபடியா?" என்று சிங்களத்தில் கேட்டார். "காலையில் விலாவைப் பாருங்க மாத்தயா. மண் ஒட்டியிருந்தால் ராத்திரி படுத்திருக்கு" என்றார் அவர்.

காட்டு யானையின் விலாவை யார் போய்ப் பார்ப்பது? பொட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இரண்டு பெண் யானைகளின் துதிக்கைத் தோலுக்கடியில் அசைவை அளக்கும் சிறு கருவியை ஆய்வாளர்கள் வைத்தார்கள். உடல் நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதைக் கழுத்துப் பட்டையிலிருந்த உணரி சொன்னது. துதிக்கை ஐந்து நிமிடம் அசையாவிட்டால் தூக்கம் என்று கணக்கு. 2017இல் முடிவு வெளியானது: நாளுக்குச் சராசரி இரண்டு மணி நேரமே தூக்கம். படுப்பதோ மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறைதான். சில வேளைகளில் 46 மணி நேரம்வரை கண்ணே மூடாமல் நடந்திருக்கின்றன. படித்த அன்று அப்பா இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

1980களில் பேராதனையில் விலங்கியல் படித்தபோது எங்களுக்குக் காட்டு யானை என்பது காலடித் தடமும் இலத்தியும்தான். இலத்தியை எண்ணி யானையைக் கணக்கிடுவோம். பருவம் மாறினால் யானைகள் நெடுந்தூரம் இடம்பெயரும், ஒரு காட்டிலிருந்து பிடித்து இன்னொரு காட்டில் விட்டால் அங்கேயே தங்கிவிடும் என்பது அன்று பரவலான எண்ணம்.

அந்த எண்ணத்தைக் குலைத்தது கழுத்துப் பட்டை. மயக்க ஊசி போட்டு, யானை எழும்புவதற்குள் மாட்டிவிட வேண்டும். அடியில் ஒரு கனம் தொங்கும்; அதனால்தான் மேலே உள்ள கருவிப் பெட்டி எப்போதும் வானத்தைப் பார்த்திருக்கும். முதலில் வந்தவை வானொலிப் பட்டைகள். ஆய்வாளர் அன்டெனாவைத் தூக்கிக்கொண்டு 'பீப்' சத்தம் வரும் திசையைத் தேடிப் போக வேண்டும். யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இலங்கையின் தெற்கில் பத்து யானைகளை இப்படித் தொடர்ந்தார்கள். ஒரு யானையின் வாழிடப் பரப்பு சராசரி 115 சதுர கிலோமீற்றர், அவ்வளவுதான். பருவ இடப்பெயர்வு எதுவும் தென்படவில்லை. அந்த யானைகள் தங்கள் ஊரை விடவில்லை.

பிறகு வந்தது ஜி.பி.எஸ். பட்டை. வயலுக்குள் வரும் 'தொல்லை' யானைகளைப் பிடித்து லொறியில் ஏற்றித் தேசியப் பூங்காவில் விடுவது நம் நாட்டு வழக்கம். அப்படிக் கொண்டுபோன 16 தடவைகளை அதே குழு பட்டை மாட்டிக் கண்காணித்து 2012இல் எழுதியது. இரண்டு யானைகள், விடப்பட்ட பூங்காவிலேயே கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில ஊரூராக அலைந்தன. சில புதிய இடத்தில் குடியேறின. மனித-யானை மோதல் குறையவில்லை, புதிய ஊர்களுக்கும் பரவியது. யானைச் சாவும் கூடியது. பட்டை இல்லாதிருந்தால் லொறி திரும்பி வந்ததோடு வேலை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்போம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் சாகின்றன. வெடி, மின்கம்பி, ஹக்க பட்டாஸ் எனும் வாய்வெடி. அன்று தெரியாமல் செய்தோம் என்று சொல்ல முடிந்தது. இன்று அந்தச் சமாதானம் இல்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுங்கள், யானையை அதன் இடத்தில் விடுங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் தெருவில் குரங்குப் பேச்சு. உடவத்தக்கலைக் காட்டுப் பக்கமிருந்து இறங்கி ஓட்டைப் பெயர்க்கின்றன, மாங்காயைக் கடித்து எறிகின்றன. அயலவரின் நட்டம் பொய்யில்லை. என் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. "கூண்டு வைத்துப் பிடித்து நக்கிள்ஸ் காட்டில் விடச் சொல்லி மனுக் கொடுப்போம் அண்ணே" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. பொலநறுவைக் குரங்குகளை 1968 முதல் ஒவ்வொன்றாக முகம் பார்த்து அறிந்து ஆராய்ந்தவர் வொல்ப்காங் டிட்டஸ். அவர் காட்டியதுபோல் குரங்குக்கும் கூட்டம் உண்டு, கூட்டத்துக்கு இடம் உண்டு. வேறு கூட்டத்தின் காட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் என்ன ஆகும்? தம்பிக்கு அந்தப் பதினாறு லொறிப் பயணங்களையும் சொன்னேன். முதலில் சந்தியில் திறந்து கிடக்கும் குப்பைக்கு மூடி கேட்டு மாநகர சபைக்கு எழுதுவோம், அதில் முதல் கையெழுத்து என்னுடையது. கூண்டு மனுவில் போடமாட்டேன் என்றேன்.