கண் திறந்த பிறகுதான் வேலை

பலத்த தலைக்காயத்திலிருந்து தேறிவரும் குழந்தைகளைப் பற்றியும், அந்த வீட்டாருக்கு எப்படித் தோள் கொடுப்பது என்பதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழை ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. மதுரையில் ஐ.சி.யூ.வில் இருக்கிறான். 'யாரையும் உள்ளே விடமாட்டாங்க, நீ வராதே' என்கிறாள் அக்கா. போகலாமா?
(ஒரு சித்தி, தேனி)

அவசியம் போங்கள். போய் அக்காவைப் பாருங்கள். எந்த நிமிஷம் உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று பாத்ரூம் போகக்கூட யோசித்துக்கொண்டு, வராந்தாவில் பாயை விரித்து, ஒயர் கூடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'பாஸை என்கிட்ட குடு, குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் படு, கூப்பிட்டா நான் போன் பண்றேன்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீள ஒயர் உள்ள சார்ஜர், ஃபிளாஸ்க், ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்வதைத் தேதி போட்டு எழுதுவதற்குத்தான் நோட்டு. தூக்கமில்லாத தாயின் காதில் பாதிதான் ஏறும். வருகிற உறவினர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்கும்போது நோட்டை நீட்டிவிடலாம்.

'என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அவர்கள் எதுவுமே கேட்கவில்லையே?
(பக்கத்து வீட்டுக்காரர், திருப்பூர்)

கேட்கமாட்டார்கள். எது வேண்டும் என்று யோசிக்கும் தெம்பே அவர்களிடம் இருக்காது. 'செவ்வாயும் வெள்ளியும் ராத்திரிச் சாப்பாடு எங்க வீட்டுலேர்ந்து வந்துடும்' என்று சொல்லிப் பாருங்கள். கரண்ட் பில், சிலிண்டர், சின்னவளை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, இன்ஷூரன்ஸ் கார்டுக்கு ஜெராக்ஸ். கிழமையும் வேலையும் சொன்னால்தான் அது உதவி.

ஜி.சி.எஸ். 6 என்றார்கள். 15க்கு 6 என்றால் பிழைத்துவிடுவானா?
(ஒரு தாய்மாமா, விழுப்புரம்)

அது பரீட்சை மார்க் போல் ஜெயிப்பதையும் தோற்பதையும் சொல்வதில்லை. கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் 1974-இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கை கால் அசைகிறதா என்று மூன்றையும் பார்த்துக் கூட்டுவார்கள். குறைந்தது 3, அதிகம் 15. 8-ம் அதற்குக் கீழும் என்றால் பலத்த காயம். இன்றைக்கு நினைவு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். அடுத்த வருஷம் பையன் எப்படி இருப்பான் என்பதை அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. வாயில் குழாய் இருக்கும்போது பேச்சுக்கு மதிப்பெண் போடவும் முடியாது. டாக்டரிடம் வேறு மூன்று கேள்வி கேளுங்கள்: மூளையில் எந்தப் பகுதியில் அடி? வீக்கம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அடுத்து எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

கண் திறந்துவிட்டாள்! ஆனால் அம்மாவையே அடிக்கிறாள், டியூபைப் பிடுங்குகிறாள், கெட்ட வார்த்தை பேசுகிறாள். குழந்தைக்கு என்ன ஆயிற்று?
(ஒரு பெரியம்மா, கோவில்பட்டி)

தேறிவருகிறாள். சினிமாவில் கண் விழித்ததும் 'அம்மா' என்று கூப்பிட்டு, அடுத்த காட்சியில் ஓடி விளையாடுவார்கள். நிஜத்தில் முதலில் கண் திறக்கும், பார்வை எதிலும் நிற்காது. பிறகு ஆளைத் தொடரும். பிறகு பல குழந்தைகளுக்கு இந்த ஆவேசம் வரும். எங்கே இருக்கிறோம், ஏன் வலிக்கிறது, யார் இவர்கள் என்று எதுவும் பிடிபடாத நிலை அது. அவள் திட்டுவது அம்மாவை அல்ல என்பதை அந்த அம்மாவுக்குத் தினமும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வலி, காய்ச்சல், மலச்சிக்கல் ஏதாவது கிளப்பிவிடுகிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

கட்டிலைச் சுற்றி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். டி.வி.யையும் பளிச்சென்ற விளக்கையும் அணையுங்கள். முக்கியமாக, வருகிறவர்கள் எல்லோரும் 'நான் யாரு சொல்லு பார்ப்போம்?' என்று கேட்பதை நிறுத்துங்கள். பதில் தெரியாமல் அந்தக் குழந்தை முகம் சுருங்குவதைப் பார்த்தால் மறுபடி கேட்க மனசு வராது. 'நான் பெரியம்மா வந்திருக்கேன். நீ ஆஸ்பத்திரியில இருக்க. இன்னைக்கு வியாழக்கிழமை' என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது. பேரன் நாக்கு வறண்டு கிடக்கிறான். ஒரு ஸ்பூன் இளநீர் விட்டால் என்ன?
(ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

வேண்டாம், பாட்டி. விழுங்கும் தசை இன்னும் சொன்னபடி கேட்காது. தண்ணீர்போல் இருப்பதுதான் சட்டென்று நுரையீரலுக்குள் இறங்கிவிடும், நிமோனியா வரும். விழுங்குகிறானா என்று சோதித்துவிட்டு அவர்களே சொல்வார்கள். வறண்ட வாயை எப்படித் துடைப்பது என்று நர்ஸ் காட்டித் தருவார், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தூங்குவதற்கு என்ன கதை சொல்வீர்களோ, அதையும் அதே குரலில் சொல்லுங்கள்.

வண்டியை ஓட்டியது நான்தான். மகளை முன்னால் டேங்க் மேல் உட்கார வைத்திருந்தேன். எனக்கு மட்டும் ஹெல்மெட் இருந்தது. இனி என்ன இருக்கிறது எனக்கு?
(ஊர் வேண்டாம்)

மகள் இருக்கிறாள். நடந்ததை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் அதை நம்பமாட்டீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. ஆனாலும் நம் தெருக்களில் டேங்க் மேல் குழந்தை உட்காராத வண்டியை எண்ணிவிடலாம். உங்களுக்கு நேர்ந்தது அத்தனை பேருக்கும் நேர்ந்திருக்கலாம்.

இப்போது உங்கள் கைகளுக்கு வேலை இருக்கிறது. மடங்கி இறுகப் பார்க்கும் விரல்களை எப்படி நீட்டிவிடுவது, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். இந்தக் குற்ற உணர்வோடு ராத்திரியில் தனியே இருக்காதீர்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே 14416-க்கோ 104-க்கோ போன் செய்யுங்கள், இலவசம். உங்கள் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: 'யார் ஓட்டினது?' என்ற கேள்வியை இதோடு விடுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை வளர்ந்துவிடும் என்று ஒரு இடத்தில் சொல்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
(ஒரு தாய், சேலம்)

வைக்காதீர்கள். மூளைக்காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. அந்தப் பணம் பிசியோவுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போய்வரும் பஸ் செலவுக்கும் வேண்டியிருக்கும். வீட்டுக்கே வந்து பிசியோ தருவதும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பகுதி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பள்ளி வயதுக் குழந்தை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு பல பத்தாண்டு அனுபவமுள்ளது.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா?
(ஒரு சித்தப்பா, கரூர்)

கையிலும் எதுவும் வேண்டாம், வாயிலும் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. வலிப்பு நின்று பல மாதமானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சின்ன வயசு, சின்ன மூளை, சீக்கிரம் ஆறிடும் என்கிறார்களே?
(ஒரு அத்தை, நாகர்கோவில்)

பாதி உண்மை. முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு நிதானமாக, வருஷக்கணக்கில் தொடரும். ஆனால் சிறு குழந்தையின் மூளை பேச்சு, கவனம், பொறுமை எல்லாவற்றையும் இனிமேல்தான் கற்க வேண்டும். அதனால் அடியின் பலன் சில சமயம் பிந்தித்தான் வெளியே வரும்.

என் வகுப்பு மாணவன் விபத்துக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பிவிட்டான். நன்றாக நடக்கிறான், பேசுகிறான். ஆனால் பதினொரு மணிக்கே தூங்கி விழுகிறான், சொன்னதை மறக்கிறான், சின்ன விஷயத்துக்குக் கத்துகிறான். நடிக்கிறானோ?
(ஆறாம் வகுப்பு ஆசிரியை, புதுக்கோட்டை)

நடிக்கவில்லை, டீச்சர். இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி. கேட்காமல் முட்டிபோட வைத்தவர்களைப் பற்றியும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

தழும்பை முடி மூடிவிட்டது, மற்றபடி எல்லாம் பழையபடி என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவனுக்கோ சட்டை பட்டனைப் போடுவது முதல் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது வரை ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு முயற்சி. மூளை களைத்துத்தான் பதினொரு மணிக்குச் சாய்கிறான். கோபத்தை அடக்குவதும் முன்னந்தலைக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை, பெரும்பாலும் அடிபடுவதும் அதுதான்.

கொஞ்ச நாள் அரை நாள் பள்ளி போதும். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள், அதையும் எழுதிக் கொடுங்கள். முதல் பெஞ்சில், ஜன்னல் சத்தத்துக்குத் தள்ளி உட்காரட்டும். களைத்தால் தலை சாய்க்க ஓரிடம் காட்டுங்கள். மறுபடி தலையில் அடிபடவே கூடாது, டாக்டர் சொல்லும்வரை கபடியும் சைக்கிளும் வேண்டாம். அப்பா அம்மாவிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் சமாளித்தவன், தானே திட்டமிட்டுப் படிக்கவேண்டிய ஒன்பதாம் வகுப்பில் தடுமாறலாம். அப்போதைய ஆசிரியருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் என்று தனியாக இல்லை. அசைவிலோ பேச்சிலோ அறிவுத்திறனிலோ என்ன குறை தங்குகிறதோ அதன் பெயரில் சான்று வாங்க வேண்டும். சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு அடிபட்டதிலிருந்து ஐந்து வயசுத் தம்பி படுக்கையை நனைக்கிறான்.
(ஒரு தந்தை, ஈரோடு)

தன்னால்தான் அக்காவுக்கு இப்படி ஆயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம், சண்டையில் 'நீ செத்துப்போ' என்று சொல்லியிருந்தாலே போதும். 'உன்னால இல்லடா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் அவனுக்கு மட்டும் என்று கொஞ்ச நேரம் வையுங்கள். திட்ட வேண்டாம். நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்வீட்டுப் பையனுக்கு அடிபட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. அப்போது போகவில்லை. இப்போது போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.
(ஒரு இல்லத்தரசி, ஆவடி)

ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த கூட்டம் இப்போது அங்கே இருக்காது. கடன் வசூலிப்பவர் வருவார், அவனோடு விளையாட ஒருவரும் வரமாட்டார்கள். உங்கள் பையனிடம் கேரம் போர்டைக் கொடுத்து அனுப்புங்கள். காயை அடிக்க அவன் நேரம் எடுப்பான், அவசரப்படுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அம்மாவோடு உட்கார்ந்து அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.